சித்தியின் கல்லாற்றுப் படம்

எட்டாம் வகுப்பு விடுமுறையில் எனக்கு டிதரிங் பைத்தியம் பிடித்திருந்தது. கறுப்புப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டு, சாம்பல் நிறம் இருப்பதாகக் கண்ணை ஏமாற்றும் கம்ப்யூட்டர் வித்தை அது. கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் மற்றப் பெண்கள் பாட்டு வகுப்புக்குப் போக, நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் இதை மெச்சவும் தெரியவில்லை, திட்டவும் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும். கல்லாற்றில் குளிக்கப் போனபோது அப்பா எடுத்த சித்தியின் படம் கிடைத்தது. அம்மாவின் தங்கையான சித்திக்கு வலது கன்னத்தில் ஒரு வெண்திட்டு. போட்டோ என்றாலே யாராவது அந்தக் கன்னம் தெரியாதபடி அவளைத் திருப்பி நிறுத்துவார்கள். அன்று ஆற்றைப் பார்த்த குஷியில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

முதல் பிரிண்ட் படுதோல்வி. சித்தியின் முகம் முழுக்கக் கரியாகி, கன்னத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஒவ்வொரு புள்ளியிலும் விழும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. இரண்டாவது பிரிண்டில் திட்டு இலேசாக வெளுத்து, முகத்தோடு கலந்திருந்தது.

சித்தி இரண்டையும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிழையைப் பங்கிடுவதை நான் விலாவாரியாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது எனக்கு இருக்கட்டும்டி" என்று முதலாவதை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் திருநெல்வேலியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குச் சித்தியின் ஜாதகமும் போட்டோவும் போயின. ஸ்டூடியோக்காரர் திட்டை அழித்துக் கொடுத்த போட்டோவைத்தான் அம்மா கவரில் வைத்தாள். கவரை ஒட்டி, கூரியரில் கொடுத்துவிட்டு வந்தது சித்தி.

அடுத்த வாரம் போன் வந்தது. அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விழித்தார்.

"ஜாதகத்தோட ஏதோ கறுப்புப் படம் வந்திருக்காம். கன்னத்துல வெள்ளையா இருக்கே, அச்சு சரியா விழலையான்னு கேக்கறா."

"ஆமான்னு சொல்லுங்கோளேன்!" என்றாள் அம்மா.

"அச்சு சரியாத்தான் விழுந்திருக்குன்னு சொல்லுங்கோ, அத்திம்பேர்" என்றாள் சித்தி.

அப்பா அம்மாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு சித்தி சொன்னதையே போனில் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயோ சித்தி, அது தப்பாக்கும்! நன்னா வந்தது இங்கேன்னா இருக்கு!" என்று இரண்டாவது பிரிண்டைத் தூக்கிக் காட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு விளக்கியும் சித்திக்கு டிதரிங் புரியவில்லையே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.