இராசநாயகம் அண்ணரின் பயம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் இராசநாயகம் அண்ணரின் மனைவி பரிமளம் அக்கா ரெலிபோன் எடுத்தார். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். மெல்பேர்னில் நாம் தமிழர் கொஞ்சப் பேர்தான். சவப்பெட்டி தூக்க அவருடைய பழைய மாணவர்களும் வந்து நின்றார்கள்.

அண்ணரும் நானும் இங்கே ஒரே கல்லூரியில் படிப்பித்தோம். அவர் வெளிநாட்டுக் கொள்கை, நான் பொருளியல். விருந்துக்கு அழைத்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய வாதம் தெரியும். "தூதுவன் பணிவாத்தான் கதைக்க வேணும். ஆனால் பின்னால படை நிக்குதெண்டு மற்றவனுக்குத் தெரிய வேணும். இல்லாட்டில் ஆர் கேப்பான்?" என்பார். பேசிப் பார்க்காமல் படை அனுப்புகிறவர்களையும் விடமாட்டார். சோறு ஆறிப்போகும், மனிதர் ஓயமாட்டார்.

வியட்நாம் போர்க்காலத்தில் இங்கே பிறந்த திகதிகளைக் குலுக்கிப்போட்டு, வந்த திகதிகளில் பிறந்த இருபது வயது இளைஞர்களைப் படைக்கு எடுத்தார்கள். அண்ணரின் ஒரே மகன் ரவிக்கு இருபது வயதாகும் வருடம் அது. மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் அவர்கள் வீட்டுக் குசினியில் வானொலியைச் சுற்றி இருந்தோம். விமானப்படைத் தளமிருந்த பொயிண்ட் குக் பக்கமிருந்து பயிற்சி விமானமொன்று கூரைக்கு மேலே போக, அக்கா கதிரையை இறுக்கிப் பிடித்தார். ஜனவரித் திகதிகளை வாசித்து முடித்தார்கள். ரவியின் திகதி அதில் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு ஏப்ரல் திகதியொன்றை வாசித்தார்கள். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இதெல்லோ பிள்ளை பிறந்த நாள்" என்றார்.

ஊரில் நம்மில் பலர் செய்ததுதான். ஒரு வருடம் முந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ரவியின் வயதைச் சில மாதம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். சாதகத்தில் ஏப்ரல், அரசாங்கத்துக்கு ஜனவரி.

அண்ணர் வானொலியை நிறுத்தினார். "உண்மையைச் சொல்ல வேணும், பரிமளம். படை வேணுமெண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு..."

"சொன்னால் நான் இந்த வீட்டில இல்லை" என்றார் அக்கா, சத்தம் போடாமல்.

அண்ணர் யாருக்கும் சொல்லவில்லை. தபால்காரர் வந்தால் முந்திப்போய்க் கடிதங்களை வாங்கிவிடுவார். தெரியாதவர்கள் கதவைத் தட்டினால் ரவியைப் பின்பக்கம் போகச் சொல்வார். கட்டாய ஆட்சேர்ப்பை நிறுத்தும்வரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

குலுக்கலுக்கு அடுத்த வாரம் அவருடைய வகுப்பில் சிலரின் திகதிகள் வந்திருந்தன. பாடம் தொடங்குமுன் அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கதவடியில் நின்று கேட்டேன். "நான் பயந்துபோன ஒரு தகப்பன். நான் சொல்வதில் அந்தப் பயத்தைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்."

அவர் தன் கொள்கையை விடவில்லை. ஆனால் அதன்பின் ஒரு வரி கூடிவிட்டது. "படை இருக்கட்டும். பயமில்லாதவனிட்ட மட்டும் அதைக் குடுக்கக் கூடாது."

அக்காவைக் கேட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். "இனி ஆர் வந்து பிடிக்கப் போறான், எழுதும்" என்றார்.

என் மூத்தவனுக்கு இப்போது பதினெட்டு. தொலைக்காட்சியில் யாராவது நிதானமான குரலில் படை அனுப்புவது பற்றிப் பேசினால் பயந்துபோய் அதை நிறுத்திவிடுகிறேன். அண்ணர் எனக்கு விட்டுச்சென்றது இந்தப் பயம்தான். இன்னொருவர் பிள்ளையை அனுப்பச் சொல்லுமுன் அது என்னை என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வைக்கிறது. சாகும்வரை அது என்னை விட்டுப் போகக்கூடாது.