மேசன் யாகப்பர் விட்டிறங்காத கட்டடம்

ஒரு மனிதன் தான் கட்டிய கட்டடத்துக்குள்ளேயே ஒன்பது வருஷம் மறியல் இருந்தான் என்றால், என்ன குற்றம் செய்தான் என்றுதான் கேட்பீர்கள். மேசன் யாகப்பர் செய்த குற்றம் ஒரு முதலாளியின் வாயை நம்பியது.

விடத்தல்தீவுக்காரர். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் லூசியாவை அக்கா றஞ்சிதத்தின் வீட்டில் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ச் சாந்து குழைத்தவர். அவருக்கு இருந்த ஒரே யோசனை லூசியாவின் பெயரில் ஒரு துண்டுக் காணி. காணி இல்லாத பெட்டையை யார் கேட்டு வரப்போகிறார்கள்?

1962ல் கருவாட்டு வியாபாரி பஸ்ரியன், மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வளவில் இரண்டு அறைக் கடை ஒன்று கட்ட அவரைப் பிடித்தார். சாமான் பஸ்ரியனுடையது, வேலை யாகப்பருடையது. கூலிக்குப் பதிலாக, கூரை ஏறியதும் பின்வளவை லூசியாவின் பெயரில் எழுதித் தருவதென்று பேச்சு. உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போவோமா என்று யாகப்பர் கேட்டார்தான். பஸ்ரியன் சிரித்தார். கோயில் சுவாமியார் முன்னால் வைக்கிற கையெழுத்தைவிட நொத்தாரிசு என்ன பெரிய ஆளா என்றார். அந்தப் பேச்சில் யாகப்பர் கரைந்துபோனார். முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள், சுவாமியார் சாட்சி வைத்தார். போதாக்குறைக்கு மூன்று பேரும் முழங்காலில் நின்று செபமும் சொன்னார்கள்.

ஓடு போட்டு முடிந்த கிழமை பஸ்ரியன் கதவுப் பூட்டின் திறப்பைக் கேட்டார். யாகப்பர் காணி உறுதியைக் கேட்டார். பெருநாள் போகட்டும் என்றார் பஸ்ரியன். பெருநாளும் போனது. அதன் பிறகு, எந்த உறுதி என்று கேட்கத் தொடங்கினார்.

யாகப்பர் வழக்குப் பேசப் பிடித்த பெறக்கிராசியார் கடதாசியை வாசித்துப் பார்த்தார். காணி விஷயத்தில் நொத்தாரிசு எழுதாத கடதாசி கச்சான் கடலை சுற்றத்தான் உதவும் என்றார். ஆனால் வேறொரு வழி இருந்தது. உழைப்புக்கு ஈடு கிடைக்கும் வரைக்கும் கட்டடத்தைத் தன் கையில் வைத்திருக்க மேசனுக்கு உரிமை உண்டு. கடை இல்லாமல் தவிக்கும்போது பஸ்ரியன் தானாகவே காணியோடு சமாதானத்துக்கு வருவார்.

"ஆனால் ஒண்டு," என்றார் பெறக்கிராசியார். "நீர் காலை வெளியில வைச்சால் அவன் பூட்டுப் போட்டிடுவான். கட்டடம் கையை விட்டுப் போனால் உரிமையும் போச்சு."

அன்று பாயை விரித்தவர்தான். வழக்கு நடந்தது என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது தவணையிலிருந்து தவணைக்கு ஊர்ந்தது. சாட்சி வைத்த சுவாமியார் மாற்றலாகிப் போய் அங்கேயே செத்தும் போனார். யாகப்பர் முன் அறையில் சீமெந்தில் கல்லறைச் சிலுவை வார்த்து விற்று வயிற்றைக் கழுவினார். எதிரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காமில் சோறு கொடுத்துவிடுவான். வழக்கு நாளில் தன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து காவல் இருப்பவனும் அவன்தான். அதற்காக ஒரு சதம் வாங்கியதில்லை.

லூசியாவுக்கு வந்த சம்பந்தம் இரண்டு, காணி வழக்கில் கிடக்கிறதாம் என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் போயின. நாலாம் வருஷம் அடம்பனில் நெல்லுமில்லில் வேலை செய்த ஒருவன், பெண்சாதி செத்தவன், காணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கேட்டு வந்தான். விடத்தல்தீவுக் கோயிலில் கலியாணம்.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணன், நான் ரெண்டு நாளும் இங்கயே படுக்கிறன்," என்றான் காமில்.

யாகப்பருக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. வழக்கு நாளில் பஸ்ரியன் தன் கண் முன்னால் நிற்பார். கலியாண நாளில் அவர் எங்கே நிற்பார் என்று யார் கண்டது? போதாததற்கு முதல்நாள் பின்னேரம் பஸ்ரியன் காமிலின் கடையில் தேத்தண்ணி குடித்ததை அவர் பார்த்திருந்தார். காசு கொடுத்தால் யாரும் குடிக்கிற தேத்தண்ணிதான். சந்தேகம் பிடித்தவனுக்கு அதுவே போதும்.

"நீயும் அவன்ர ஆளாய்ப் போனால் நான் ஆரைக் கேக்கிறது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். வெட்கக்கேடு. காமில் தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனான். சோறு வந்தது, வழக்கு நாளில் ஆளும் வந்தது, ஆனால் அண்ணன் என்று அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. லூசியாவைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனவர் ஊர் மூப்பர்.

1971ல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் காணியைக் கட்டுப்படுத்தாது. மேசனின் உழைப்புக்கு ஈடு உண்டு. ஆனால் அந்த மேசன் ஒன்பது வருஷமாக வாடகை கொடுக்காமல் அதே கட்டடத்தில் குடியிருந்திருக்கிறார், போதாததற்குச் சிலுவை வியாபாரமும் நடத்தியிருக்கிறார். அந்த வாடகையை ஈட்டில் கழித்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. திறப்பை ஒப்படைக்க வேண்டியது. இரு, இரு என்று இருக்கச் சொன்ன பெறக்கிராசியார் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, சட்டம் அப்படித்தான் என்றார். நாசமாய்ப் போன சட்டம்.

தீர்ப்பு நாளென்று கேள்விப்பட்டு லூசியா அடம்பனிலிருந்து வந்திருந்தாள், இடுப்பில் ஒரு பிள்ளை. நீதிமன்ற வாசலில் நின்ற யாகப்பர் அவளைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார்.

"உனக்காகத்தானே பிள்ளை அதுக்குள்ள கிடந்தனான்," என்றார். "கலியாணத்துக்கும் வராமல் கிடந்தனான். நான் அங்கால வர, அந்தாள் இங்கால பூட்டுப் போட்டிருப்பான்."

லூசியா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். இத்தனை வருஷமும் இதை அவருக்குச் சொல்லாமலே வைத்திருந்தாள்.

"அண்டைக்குப் பஸ்ரியன் முதலாளி கலியாணத்துக்கு வந்தவர் ஐயா. எங்கட ஊரிலதானே கருவாடு வாங்கிறவர். கோயிலில முன்வாங்கில இருந்து, பின்னேரம் சாப்பிட்டுட்டுத்தான் போனவர்."