பட்டினி கிடந்த எலி

என் தங்கச்சி மூன்று தரம் புட்டுப் போட்டுச் சாப்பிடுவாள். இடுப்பில் ஒரு மடிப்புக்கூட விழாது. நான் அரைக் கோப்பை சோறு தின்றால் அடுத்த கிழமை சட்டை இறுகும். ஒரே வயிற்றில் பிறந்தும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அவளைப் பார்த்து வயிறெரிந்தே எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. வட்டக்கச்சி வீட்டில் அம்மா பரிமாறும்போது அவளுக்கு, "வடிவாச் சாப்பிடு பிள்ளை, உருகிப் போறாய்" என்பார். எனக்கு, "காணும், எழும்பு." நான் குசினிக்குள் களவாகத் தின்கிறேன் என்பது அம்மாவின் அசையாத நம்பிக்கை.

இல்லையென்று காட்டத்தான் போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விரதம் பிடித்தேன். வெறும் தண்ணீர் மட்டும். தங்கச்சியும் பிடித்தாள், எதிலும் போட்டிக்கு வந்துவிடுவாள். மத்தியானம் கோயில் வீதி மணல் கொதித்தது. அவள் சுருண்டு விழுந்தாள். ஆளாளுக்கு ஓடிவந்து விசிறினார்கள், ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மயங்கிக் கிடந்தபோதுகூட அவள் வடிவாகத்தான் இருந்தாள். எனக்கும் கண் இருட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் இந்தப் பாழாய்ப்போன உடம்பு விழவில்லை.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்கேயோ களவாத் திண்டிட்டாய். இல்லாட்டி எப்பிடி இப்பிடிக் கல்லு மாதிரி நிக்கிறாய்?"

"அம்மாளாச்சி சத்தியமா இல்லை அம்மா."

"கோயில் வாசல்ல நிண்டு பொய்ச் சத்தியம் வேற!"

தங்கச்சியின் மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அவள் லீவில் வந்தபோது இதைச் சொல்லி அழுதேன். அம்மாவை வைத்துக்கொண்டே அவள் விளக்கினாள்.

"கொழுப்போட சம்பந்தப்பட்ட மரபணு ஒண்டு இருக்கு, பெரியம்மா. தாயிட்டையிருந்து ஒண்டு, தகப்பனிட்டையிருந்து ஒண்டு எண்டு ரெண்டும் பழுதாக் கிடைச்ச எலி ஊதிப் பெருத்துப்போகும். ஒண்டு மட்டும் பழுதெண்டால் கொஞ்சம்தான் கொழுப்புக் கூட. ஆனால் சாப்பாட்டை நிப்பாட்டினால் பழுதே இல்லாத எலியளை விட அதுதான் கனநாள் தாங்கும். உங்களுக்கு அது இருக்கெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் தாங்கிறவை எல்லாரும் களவாத் திண்டவை இல்லை."

அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த எலி ஒண்டும் தின்னாமலே தாங்கினதோ?"

"ஓம் அம்மம்மா."

"பாவம், வாயில்லாச் சீவன். பட்டினி போட்டிருக்கினம்" என்று அம்மா கண்ணைத் துடைத்தார்.

தங்கச்சியைப் பார்த்து இத்தனை வருசம் எரிந்த வயிறு, அப்போது கண்ணால் கண்டிராத ஓர் எலியை நினைத்து எரிந்தது. அது பட்டினி கிடந்ததை அம்மா ஒரே சொல்லில் நம்பிவிட்டார்.