சைலன்சர் வாங்கிய ஹாரன்

எடைக்கல்லை அவர் வெறுங்கையால் தொடமாட்டார். மரப்பெட்டியைத் திறந்து, ஒரு பச்சைத் துணியை விரல்களில் சுற்றிக்கொண்டு, கல்லை அதன் கழுத்தில் பிடித்துத் தூக்கித் தராசில் வைப்பார். எண் ஓடி நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். "கைல வேர்வை இருக்கும். அதுக்கும் எடை உண்டு" என்று ஒரு நகைக்கடையில் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கடைக்காரர் பொறுமை இழந்து, "பாத்தாலே சரியாத்தானே இருக்கு?" என்றார். "கண்ணு ஆளுக்கு ஏத்த மாதிரி பாக்கும். தட்டுல வச்சாத்தான் உண்மை" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். மோட்டார் சைக்கிளின் பின்னால் கல்பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போவார். எங்களுக்கு நேர் எதிர்வீடு. தெருவில் அவருக்குச் 'சைலன்சர்' என்று பெயர். வைத்தவள் என் மனைவி. இருபது வருடத்தில் அவர் ஒருமுறைகூட ஹாரன் அடித்து நாங்கள் கேட்டதில்லை. வழியில் நாய் படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி, அது சோம்பல் முறித்து எழுந்து போகும்வரை காத்திருப்பார். அப்படியும் ஒரு பிறவி.

வீட்டு வாசலிலும் அவருக்கு ஹாரன் தேவைப்பட்டதில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தத்தைக் கண்டுகொண்டு, அவர் வீட்டம்மா வந்து இரும்புக் கதவைத் திறந்துவிடுவார். இவர் காலை ஊன்றாமலே நேராக உள்ளே போய்விடுவார். இதைச் சொல்லியே என் மனைவி என்னைக் குத்திக்காட்டுவாள். "ரெண்டு பையோட வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் நீங்க எழுந்து வரமாட்டீங்க. அங்க பாருங்க."

அந்த மனிதர்தான் போன வருடம் ஒரு மதியம், மூன்று மணிக்கு, தெருவையே உலுக்கிவிட்டார். நான் வீட்டிலிருந்து அச்சுப்பிழை திருத்துகிறவன். சன்னலோரம் மேசை. காதைக் கிழிக்கிற ஒரு வீறிடல் கேட்டு என் பேனா பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டது. எட்டிப் பார்த்தேன். வண்டியின் முன்னால் பளபளவென்று புது ஹாரன். மூன்று முறை அடித்தார். எல்லா வீட்டுச் சன்னலும் திறந்தது. அவர் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் என் மனைவி.

இரண்டு நாள் கழித்து வேறொரு ஹாரன், அதைவிடக் கூர்மையாக. அடுத்த வாரம் மூன்றாவது. எல்லாம் மதிய நேரத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக் கடைக்கே போய்விட்டேன். அங்கே அவர் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாங்க சார். அண்ணன் இன்னும் சத்தம் வேணுங்கறாரு. இதுக்கு மேல வேணும்னா கப்பல்லேருந்துதான் கழட்டணும்."

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. மதியம் கண்ணயர முடியவில்லை, வேலை ஓடவில்லை, இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று பொரிந்து தள்ளினேன். அவர் தலையைக் குனிந்தபடி ஹாரனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் பேசறது செவிடன் காதுல ஊதின சங்கா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

துடைத்த கை நின்றது. "நான் ஊதிப் பாத்துட்டுத்தான் இருக்கேன் சார்" என்றார். "எதுதான் கேக்கும்னு தெரியல."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஐந்தாறு மாதமாகவே வண்டிச் சத்தம் கேட்பதில்லை. அதை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்த அம்மாள் மாலை ஐந்து மணிக்கே இரும்புக் கதவருகில் வந்து நின்றுவிடுகிறார். இவர் வருவது ஆறரைக்கு. ஒன்றரை மணி நேரம், முட்டி வலியோடு. எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தினமும் பார்த்திருக்கிறேன், அந்த அம்மாள் தொட்டிச் செடியில் பழுத்த இலை கிள்ளிக்கொண்டு நிற்பார். செடிமேல் அவ்வளவு ஆசை என்று நினைத்திருந்தேன். ஒரு செடியில் எத்தனை பழுத்த இலைதான் இருக்கும்? கண்ணிருந்தும் குருடன் நான்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாமே" என்றேன்.

"டாக்டரைப் பாக்கலாமான்னேன். 'யாருக்கு?'ன்னு கேட்டா. அதோட சரி." துணியை மடித்தார். "அவ எங்கிட்ட மறைக்கணும்னு நினைக்கறா. அதை எப்படி சார் நான் எடுத்து நடுவுல வைக்கறது? சத்தம் கேட்டுதுன்னா உள்ள உக்காந்திருப்பா. அது போதும் எனக்கு."

மாலையில் அடித்துப் பார்த்துப் பயனில்லை; வாசலிலேயே நிற்பவருக்குக் கேட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் எதிர்பாராத மதிய நேரம். தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார், மூன்று ஹாரனையும்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "வீட்ல எந்தச் சத்தம்தான் கேக்குது அண்ணே?"

அவர் யோசித்தார். "குக்கர் விசில் கேக்கல. அடி பிடிச்சப்புறம்தான் ஓடறா. தண்ணி லாரி வந்தா மட்டும் திரும்பிப் பாக்கறா."

"அடக் கடவுளே" என்று மெக்கானிக் நெற்றியில் தட்டிக்கொண்டான். "கீச்சுன்னு கத்தறதையே தேடித் தேடி மாட்டியிருக்கோம். அவங்களுக்குப் போனதே அதுதான்." ஹாரன் ஜோடியாக வரும், கீச்சென்று கத்துகிற ஹை ஒன்று, கனத்த குரலில் லோ ஒன்று. அவன் இரண்டு புதுப் பெட்டிகளைப் பிரித்து, இரண்டிலிருந்தும் லோவை மட்டும் எடுத்தான். "இப்படி ஜோடியைப் பிரிச்சு யாரும் கேட்டதில்ல" என்றான், ஆனால் கேலியாக இல்லை. மழைத்தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து முடுக்கினான். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, சுவிட்ச் கருகாமல் இருக்க நடுவில் ரிலே வைத்தான். பின்பக்கத்துத் திருகாணியை மட்டும் அவர் திருப்பினார், கால் சுற்று, பிறகு அதில் பாதி. ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கன்றைத் தேடும் மாட்டின் குரல்போல் ஒரு கனத்த சத்தம். காதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது.

மறுநாள் மதியம் நான் வேலை செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு சன்னலில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் நின்று ஒரே ஒரு முறை அடித்தார். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது எண்ணுவதற்குள் கதவு திறந்தது. அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றார்.

"எதுக்கு இப்படி ஊரைக் கூட்டறீங்க? எனக்கென்ன காது செவிடா?"

"பஸ்காரங்க வழிவிட மாட்டேங்கறாங்க" என்றார் அவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வாரத்திலிருந்து மாலை ஐந்து மணிக்கு வாசலில் ஆளில்லை. சன்னல் வழியாகத் தெரியும், அந்த அம்மாள் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். தொட்டிச் செடியில் பழுத்த இலைகள் கிள்ளுவாரின்றி உதிர்ந்தன. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் தெருமுனையில் அடித்தார். மழை தொடங்கிய மாதம் தையல்கடை வரை வந்து அடித்தார். பிறகு மின்கம்பம். இப்போது ஒரு மாதமாக வீட்டு வாசலுக்கே வந்துதான். அவர் இதைப் பற்றி எதுவும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தச் சத்தம் வந்தபின் இரும்புக் கதவு கிறீச்சிடும்வரை என் பேனா இப்போதெல்லாம் ஓடுவதில்லை.

நேற்று ஆறரைக்கு வாசலில் நின்று அடித்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சன்னலில் அந்த அம்மாளின் முதுகு தெரிந்தது. நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல், கதவைத் தட்டிச் சொல்லிவிடலாமென்று தெருவைத் தாண்டினேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். உதட்டில் விரலை வைத்தார். அவர் அடித்ததும், அது கேட்காமல் போனதும் அந்த அம்மாளுக்குத் தெரியக் கூடாது. பிறகு எஞ்சினை அணைத்து இறங்கி, கல்பெட்டியின் பாரத்தோடு வண்டியைத் திருப்பி, உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். அங்கே ஏறி உட்கார்ந்து, உதைத்துக் கிளப்பி, அப்போதுதான் வேலை முடிந்து வருகிறவர்போல் மறுபடியும் வந்தார்.