வீரய்யா எடுக்கும் தண்ணி

குடித்த காலத்தில் வீரய்யா மாமா சாக்கடைக் கானுக்குள் கிடப்பார். நாங்கள் பொடியன்கள் அவர் மீசையில் தேயிலைக் கொழுந்தைச் செருகிவிட்டு ஓடுவோம். பிறகு ஒரு நாள் தானாகவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தார். கை நடுங்கி, இல்லாத பூச்சியை எல்லாம் உதறி, ஒருவழியாக விட்டுவிட்டு வந்தார்.

விட்டாலும் அந்தியில் வாய் ஊறும் அல்லவா? மற்றவர்கள் கசிப்புச் சாராயத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இவர் குடங்களோடு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கிவிடுவார். முதலில் தன் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் பிடித்தார். அப்புறம் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்குமே பிடிக்கத் தொடங்கினார்.

பண்டாரவளைப் பாதையில் ஒரு கல்குவாரி. அங்கே வெடிமருந்து அறைக்குக் காவலாளி தேவைப்பட்டது. குவாரிக்காரர்களுக்கு மாமாவைப் பிடித்துப்போயிற்று. ஆனால் வெடிமருந்து என்பதால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். குடித்ததை மாமா மறைக்கவில்லை. டொக்டரும் நல்லபடியாகச் சொன்னார். விட்டவர் விட்டபடியே இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் போதும் என்றார்கள்.

மாமா யோசித்து ராக்கம்மாவைக் கைகாட்டினார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. குடிகாரனைக் கண்டாலே விளக்குமாற்றைத் தூக்குவார். அவர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

வந்த அதிகாரி சிங்களவர். பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர்.

“வீரய்யா இப்பவும் தண்ணி எடுக்கிறதா?”

“ஆமாங்க தொரை, தெனமும் எடுப்பாரு. அந்தியானா கால் வீட்டுல நிக்காது. மழைன்னாலும் போயிருவாரு.”

“தனியா எடுக்கிறதா?”

“சேச்சே, அப்படிப்பட்ட மனுசன் இல்லீங்க. எங்க எல்லாத்துக்கும் குடம் குடமா குடுப்பாரு. எனக்குந்தான்.”

அதிகாரி ராக்கம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாராம்.

ராக்கம்மா இதை ஒவ்வொரு காம்பராவாகப் போய்ப் பெருமையாகச் சொன்னார். கேட்டவர்களுக்கு வேலை போயிற்று என்று விளங்கியது. சிரிப்பும் வந்தது. மாமாவின் பெண்சாதி விஜயலெட்சுமி மட்டும் சிரிக்காமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா ஓடிப்போய் அதிகாரியிடம் விளக்கினார். ஐயா, அது பீலித் தண்ணி என்றார்.

“குடிக்கிற ஆள் எல்லாம் அத தண்ணின்னுதான் சொல்றது” என்றார் அதிகாரி.

அனுமதி இல்லை. அந்த வேலை, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஒரு குடிகாரனுக்குக் கிடைத்தது. அவன் குடிப்பது எந்த டொக்டருக்கும் தெரியாதே.

திரும்பி வந்த மாமா முதலில் எங்களைத்தான் பிடித்தார். ராக்கம்மாவிடம் எவனாவது வாயைத் திறந்தால் பல் இருக்காது என்றார். குடித்த காலத்தில்கூட அவர் எங்களை அப்படி மிரட்டியதில்லை.

வேலை என்ன ஆயிற்று என்று ராக்கம்மா கேட்டபோது மாமா வேறெங்கோ பார்த்தார்.

“ஒசரம் காணாதாம் அக்கா.”

“வாசல் நெலையில தல இடிக்கிற ஆளுக்கா ஒசரம் காணாது? மறுபடி எழுதிப் போடு தம்பி. அந்தத் தொரை வரட்டும், நான் இன்னும் நல்லா எடுத்துச் சொல்றேன்.”

“சரிக்கா” என்றார் மாமா.