பார்த்துவிட்டு ஏறுகிறவர்

செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, இரண்டு கைகளையும் தொடைமேல் கவிழ்த்தபடி, சுந்தர்சிங் வலப்பக்கம் சாய்கிறார். பிறகு இடப்பக்கம். பிறகு நாற்காலியோடு சேர்த்துக் கொஞ்சம் பின்னால். கேரளத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் ரோலர் கோஸ்டர் என்கிற ராட்சத ரயிலில், முன்வரிசையில் உட்கார்ந்து யாரோ ஒரு புண்ணியவான் எடுத்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அலறல் காதில் விழுந்தால் எண்ணிக்கை தப்பிவிடுமாம். "இருபத்தாறு எண்ணுத வரைக்கும் ஏத்தம். அப்புறம் எறக்கம். மூணாவது வளைவுலதான் அண்ணாச்சி விசயமே இருக்கு" என்கிறார் என்னிடம். எங்கள் இரண்டு வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். கேட்காமல் தப்பிக்க வழியில்லை. போன நவம்பரில் மழை விட்ட சாயங்காலமெல்லாம் இதே கூத்து.

வயது நாற்பத்து நான்கு. நாசரேத்துக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நூற்றிருபது அடி உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி போட்ட கூண்டில் உட்கார்ந்து, கவிழ்ந்த தலை நிமிராமல், கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. காற்றடிக்கிற மாதங்களில் கூண்டே ஆடும். ஆடுகிற கூண்டில் உட்கார்ந்து சாவதானமாக டீ குடிப்பாராம். அப்பேர்ப்பட்ட மனிதர் பிள்ளைகள் ஏறுகிற ரயிலுக்குப் பயந்து வீடியோவில் பழகுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உசரத்துல எனக்கென்ன பயம்? வண்டி யாரு கையில இருக்குங்கதுதான் பேச்சு. அங்கன நான் ஓட்டுதேன். இங்கன எவனோ ஓட்டுதான், நான் சும்மா உக்காந்திருக்கணும்லா."

உண்மைதான். திருச்செந்தூர் பஸ்ஸில் அவரோடு ஒரு தடவை போயிருக்கிறேன். டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவேன் என்று இரண்டு பஸ்ஸை விட்டார். ஆறுமுகநேரி வருவதற்குள் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை முப்பது முறையாவது மிதித்திருக்கும். கல்யாண வீடென்றால் முந்தின நாளே போய் மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் எங்கே, கைகழுவும் தொட்டி எங்கே என்று பார்த்துவிட்டு வருவார். பல் பிடுங்கப் போனபோதும் வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனார். வாயைத் திறந்துகொண்டே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சைகை காட்டியதில், டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே பிடுங்கிக்கிடுதியளா?" என்று கேட்டாராம்.

சைகை அவருக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. வாக்கிடாக்கி இருந்தாலும், கீழே நிற்கிற சிக்னல்காரரின் கைதான் மேலே இருப்பவருக்கு வேதவாக்கு. ஆட்காட்டி விரலை வானத்தைப் பார்த்து நீட்டிச் சுழற்றினால் 'தூக்கு'. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'நிறுத்து'. இது வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அவர் மனைவி ஷீஜா அடுக்களை வாசலில் நின்று விரலைச் சுழற்றினால் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவார். சோறு போதுமென்றால் வாய் பேசாது. தட்டுக்குமேல் உள்ளங்கை கவிழும்.

அந்த உள்ளங்கைதான் முந்தின வருடம் குடும்பத்தின் வாயை அடைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அதே பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வயது ஜெப்ஸி ஒற்றைப் பிள்ளை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ரயிலில் ஏறுவேன் என்று மாதக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தாள். இவரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார். ஏறியும் உட்கார்ந்துவிட்டார். தடுப்புக் கம்பி இறங்கப் போகிற நேரத்தில் கையை நீட்டிக் கவிழ்த்து, நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். பிள்ளை காலி இருக்கைக்குப் பக்கத்தில் தனியாகப் போய்விட்டு வந்தது.

"சண்ட போட்டிருந்தாக்கூடத் தேவல அண்ணாச்சி. ஒண்ணுமே சொல்லல. இந்த வருசம் அவ என்னக் கூப்பிடவே இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. அதன் பிறகு நான் அவர் சாய்வதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வீடியோ விஷயத்தில் ஜெப்ஸி அப்பாவுக்கு நேர் எதிர். மாடிக்குத் துணி எடுக்க வந்தால் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் அவரைத் தாண்டுவாள். இவர் சும்மா இருப்பாரா? "ஏளா, மூணாவது வளைவுல" என்று ஆரம்பிப்பார். அவள் காதைப் பொத்திக்கொண்டு பாட்டுப் பாடியபடி படியிறங்கி ஓடிவிடுவாள். முன்னாலேயே பார்த்துவிட்டால் அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அவள் கட்சி. ஷீஜா மகள் பக்கம். என்னைக் கேட்டால், எந்த ஊருக்குப் போனாலும் கழிவறை எங்கே என்று மட்டும் விசாரித்துக்கொள்வேன். மற்றது வருகிறபடி வரட்டும்.

டிசம்பர் கடைசியில் எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. முழங்கால் வலியோடு நானும் தொற்றிக்கொண்டேன். வழி நெடுக சுந்தர்சிங் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தார். பூங்காவுக்குள் நுழைந்ததும் யாருக்கும் காத்திராமல் விறுவிறுவென்று அந்த ரயிலை நோக்கி நடந்தார். இன்று ஏறிவிடுவார் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வாசலில் கயிறு கட்டியிருந்தது. பராமரிப்பு, இன்று ஓடாது என்று பலகை. எழுபது எண்பது தடவை பார்த்த வீடியோ. மனிதர் அந்தப் பலகையை மூன்று முறை படித்தார். இழவெடுத்த பராமரிப்பை நாளைக்கு வைத்துக்கொண்டால் குறைந்தா போய்விடும்? ஜெப்ஸி அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் அவசரமாகச் சொன்னாள்.

"பரவால்லப்பா. அங்கன புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுல நான் ஏறிக்கிடுதேன். நீங்க பையப் பாத்துக்கிடுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சுந்தர்சிங் அவள் பின்னாலேயே போய் வரிசையில் நின்றார். செல்போனை எடுத்து அந்தப் புது ரயிலின் பெயரைத் தட்டினார். ஒரு வீடியோ வந்தது. யாருடைய காலணியோ, அதற்கு முன்னால் தண்டவாளம், எல்லாம் அசையாமல் நின்றன. தட்டினால் ஓடும். ஜெப்ஸி திரும்பிப் பார்த்தாள். வழக்கம்போலக் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்து நின்றாள். அவர் திரையைப் பார்த்தார். அவளுடைய பின்னலைப் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் செல்போனை நீட்டி, "இத வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. பையையும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர்களுக்கு நான்காவது வரிசை கிடைத்தது. கம்பி இறங்கியதும் தன்னுடையதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஜெப்ஸியுடையதை மூன்று முறை. "ஏளா, இதுல எத்தன எறக்கம்?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. தெரியாதுப்பா என்று தலையாட்டினாள். கைகள் இரண்டும் தொடைமேல் கவிழ்ந்து கிரேன் லீவரைத் தேடிக்கொண்டிருந்தன. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரயிலைக் கிளப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் பார்வை ஒவ்வொரு வரிசையாக வந்து அவரிடம் நின்றது. அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. போச்சு, இதோ உள்ளங்கை கவிழப் போகிறது என்று எனக்குத் திக்கென்றது. ஜெப்ஸியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஆட்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. அதை வானத்தைப் பார்த்து நீட்டி, அந்தப் பெண்ணுக்குத் தெரியும்படி, சுந்தர்சிங் ஒரு சுற்றுச் சுழற்றினார்.