மூன்றாவது தட்டு

நடப்பதற்கென்று எழுதப்படாத ஓர் இசையை வாசித்துப் பிரதம விருந்தினரை நடத்திக் கூட்டிவரச் சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாடசாலை பான்டுக்குப் பொறுப்பான ஆசிரியை நான். கிளாரினெற், ரம்பெற், சக்சபோன், ஹோர்ன், ட்ரம் என்று இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை, விருந்தினர் வந்தால் அணிநடை. இதைவிட்டால் அவர்கள் வேறொன்றும் வாசித்ததில்லை. பரிசளிப்பு விழா மேடையில் ஒரு வால்ஸ் வாசிப்போம் என்ற ஆசை எனக்குத்தான் வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் சோடி சோடியாகச் சுழன்று ஆடிய இசை. வயலினுக்கு இருந்ததைக் கிளாரினெற்றுக்கும் செல்லோவுக்கு இருந்ததைச் சக்சபோனுக்கும் மாற்றி, பலாலி வீதி பஸ்ஸில்கூட மடியில் தாளை வைத்துத் திருத்தி, ஒரு விடுமுறை முழுக்க எழுதினேன்.

வால்ஸின் தாளத்துக்கு மூன்று தட்டு. ஒன்றைப் பெரிய ட்ரம் அடிக்கும். இரண்டும் மூன்றும் ஹோர்னுக்கு. ஹோர்ன் வாசித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மெட்டு ஓர் இடத்திலும் கிடையாது, அந்த இரண்டு தட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போடவேண்டியதுதான். அவள் முகம் சுளிக்கவில்லை. கன்ரீன் வரிசையில் நின்றும் விரலால் எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுடைய தட்டு நிலைத்த பிறகுதான் மற்றவர்களின் வாசிப்பே சுழலத் தொடங்கியது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கப் பாடசாலை அதிபர் கூப்பிட்டார்.

"ரீச்சர், பேச்சுகள் கூடிப்போச்சு. மேடையிலை உங்களுக்கு நேரமில்லை. கேற்றிலையிருந்து விருந்தினரைக் கூட்டிவரேக்கை உந்த வால்ஸை வாசியுங்கோ."

"அது ஆடுறதுக்கு எழுதினது, மேடம். நடக்க வராது."

அணிநடைக்குப் பொறுப்பான உடற்பயிற்சி மாஸ்டர் இடையில் புகுந்தார். "நானும் கேட்டுப் பாத்தனான் ரீச்சர். ரெண்டு காலுக்கு மூண்டு தட்டெண்டால் பிள்ளையளுக்குக் கால் மாறும். உந்த மூண்டாவது தட்டை வெட்டிவிடுங்கோ, சரியா வரும்."

"ஒரு தட்டுத்தானே," என்றார் அதிபர். "ஆருக்குத் தெரியப்போகுது?"

ஆருக்குத் தெரியப்போகுதாம்! அவருடைய சேலையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, உடுத்துக்கொண்டு போங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது என்று நான் சொன்னால் விடுவாரா? பேச்சுகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. இதையெல்லாம் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஓம் மேடம்." அன்று பின்னேரமே ஒவ்வொரு தாளிலும் மூன்றாவது தட்டைக் கோடு போட்டு வெட்டினேன். சுழன்று வந்த மெட்டு நொண்டத் தொடங்கியது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

விழாவன்று விருந்தினர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார். மாலை போட்டாயிற்று, பான்ட் புறப்பட்டது. இருபது அடி போயிருக்காது, வாசிப்புக் குழம்பியது. ஹோர்ன் பிள்ளை பழையபடி இரண்டு, மூன்று என்று வாசித்துக்கொண்டிருந்தாள். ட்ரம் அடித்தவள் திரும்பிப் பார்த்தாள், பின்வரிசை முன்வரிசையில் இடித்தது, விருந்தினர் மாலையோடு நடுவழியில் நின்றார். மாஸ்டர் விசிலை ஊதி, வெறும் ட்ரம் சத்தத்தோடு அவரை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எனக்கு மூன்று நாளாக இருந்த கோபம் முழுவதையும் அவள்மேல் கொட்டினேன். வெயிலில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால்.

"எண்ணத் தெரியாதோ உனக்கு?"

அவள் அழவில்லை. "தெரியும் ரீச்சர். மூண்டு."

அதிபரோடு எனக்கு இன்றைக்கும் கோபம்தான். மாஸ்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் திங்கட்கிழமை அவள் ஹோர்னைத் துடைத்துக் கொண்டுவந்து, இனிப் பான்டுக்கு வரவில்லை என்று என் மேசையில் வைத்தபோது, நீ வாசித்ததுதான் சரி என்று நான் சொல்லவில்லை. ஹோர்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.